எட்டு போல்ட்டு போட்ட பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நாலாவது அடுக்கின் விளக்குகளும் அணைந்தன. இரண்டு நாளாகவே அவை கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. மாரிசெல்வி பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவருக்கு வெளியே போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள்.

"வந்துச்சா?" என்று கத்தினாள்.

"வரல தாயி" என்று உள்ளேயிருந்து, கூட வேலை பார்க்கும் இசக்கிச்செல்வியின் குரல் வந்தது.

ஆறு அடுக்கில் நாலு அடுக்கு இருட்டு. அடுக்குகளில் கறுப்புக் குழித்தட்டுகள். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி, குழிக்கு ஒரு மிளகாய் நாற்று. பதினெட்டு நாள் வயதில் அவை விரல் உயரத்துக்குத் தண்டு திரண்டு நின்றன. மூன்று நாள் வெளிச்சம் இல்லையென்றால் வெளிச்சம் தேடி நீளும்; கழுத்து மெலிந்து சாயும். சாய்ந்த நாற்றை அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது. எப்போதும்வென்றான் ஊரில் சொர்ணத்தாயும் இன்னும் ஏழு வீட்டாரும் கரிசலை உழுது போட்டுவிட்டு ஐப்பசி மழைக்கும் இந்த நாற்றுக்கும் காத்திருந்தார்கள்.

கோவில்பட்டியில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கும் இந்தக் கட்டடமும் முப்பது வருஷம் ஆபீஸாக ஓடியது. முதலாளி லிங்கராஜ் நாலு வருஷத்துக்கு முன் அதை மூடினார். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைத்த இரும்பு அடுக்குகள் அப்படியே நின்றன. அவர் மகன் சோலைராஜைக் கட்டிக்கொண்டு வந்த மாரிசெல்வி, அந்த அடுக்குகளில்தான் விளக்குகளைத் தொங்கவிட்டாள். அவள் தாவரவியல் படித்தவள். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். திறந்த வெளியில் நாற்று விட்டால் புரட்டாசி வெயிலில் வெள்ளை ஈ மொய்த்து இலை சுருண்டுபோகும், தண்ணீரும் குடம் குடமாக ஊற்ற வேண்டும் என்பதைப் பிறந்த ஊரில் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். நாலு சுவருக்குள் ஈ வராது. ஒரு குடத்தில் முப்பது தட்டு நனையும். வெளிச்சம் மட்டும்தான் வேண்டும்.

அந்த வெளிச்சம்தான் படுத்தியது. முதலில் ஆன்லைனில் ஊதா விளக்குகள் வாங்கினாள். அவை ஒரு மாதத்தில் மங்கின. அப்புறம் தேடிப் படித்து, விசாரித்து, வெள்ளை விளக்குப் பட்டைகளும் அவற்றுக்குத் தனியாக டிரைவர்களும் வாங்கினாள். டிரைவர் என்பது செங்கல் அளவில் இருக்கும் ஓர் உலோகக் கட்டி. வருகிற கரண்டை விளக்குக்கு ஏற்றபடி அளந்து கொடுப்பது அதுதான். அடுக்குக்கு ஒன்றாக ஆறு. மாட்டி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. பத்து நாளில் நாலு செத்துவிட்டன; இதுவரை எரிகிற அடுக்குகளில் தட்டுகளை மாற்றி வைத்துத்தான் சமாளித்தார்கள்.

"இனி எரியுத ரெண்டு அடுக்குல மாத்தி மாத்தி வைப்போம்" என்றாள் மாரிசெல்வி.

இசக்கிச்செல்வி ஏற்கெனவே தட்டைத் தூக்கியிருந்தாள். அவளுடைய வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருக்கும். இடது கையால் தட்டின் நடுவைத் தாங்கி, வலது மணிக்கட்டால் அணைத்துக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்தால் தண்ணீர்கூடச் சிந்தாது என்று தோன்றும்.

"எடுத்து வைக்கது இருக்கட்டும். டிரைவர் செத்துப்போச்சுன்னு நேத்து நீ போன்ல பேசுனத எதித்த வீட்டுக்காரி கேட்டுட்டு எங்கிட்ட வந்து அழுதா. எந்த பஸ்ஸு, எத்தன பிள்ளையன்னு கேக்கா."

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆறு பேருல மூணு பேரு போயிட்டாவ, நாலாவது ஆளு இழுத்துக்கிட்டு கெடக்குன்னேன்."

மத்தியானச் சாப்பாட்டில் சிரிப்பு இல்லை. மாமியார் செண்பகவல்லி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறினாள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த சோலைராஜ் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நூற்பாலையில் வேலை.

"மொதல்ல ஊதா லைட்டு, அது போச்சு. இப்ப வெள்ள லைட்டு, இதுவும் போச்சு. அடுத்து என்ன கலர்ல வாங்கப்போற?" என்றாள் செண்பகவல்லி.

"கலர்ல கோளாறு இல்ல அத்தை."

"பின்ன எதுல கோளாறு? வெளிய சூரியன் சும்மா காயுது. அத விட்டுட்டு கதவப் பூட்டி லைட்டு போட்டு மொளகா வளக்குதா. ஒங்க மருமக செடிக்குத் தாலாட்டும் பாடுவாளான்னு கேக்காவ."

"பாடுனா வளரும்னா பாடிருவேன் அத்தை."

லிங்கராஜ் ரசத்தைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உரக்கடைத் திருப்பதி வெள்ளிக்கிழமை வாரான். குடோனுக்கு நம்ம ஆபீஸ் எடத்தக் கேக்கான். அளந்து பாத்துட்டு முடிச்சிருவோம்னான். நானும் சரின்னுட்டேன்."

மாரிசெல்வியின் கை சோற்றிலேயே நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே மாமா."

"எரியாத லைட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு என்னத்தக் கேக்கச் சொல்லுத? ரெண்டு தடவ பாத்தாச்சு தாயி. ஒனக்கு ராசியில்லன்னு விட்டுரு."

"வெள்ளிக்கிழமை எரியும்."

"எரியலன்னா?"

"எரியும்னு சொல்லுதேம்லா."

சோலைராஜ் தலையை நிமிர்த்தினான். "இன்னைக்குச் செவ்வாய்தானே ஆகுது. அதுக்குள்ள எதுக்குப்பா குடோன்?"

"நீ சும்மா இரிலே" என்றார் லிங்கராஜ். ஆனால் மருமகளைப் பார்க்காமல்தான் எழுந்து போனார்.

மறுநாள் காலை மாரிசெல்வி செத்துப்போன டிரைவர் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மேகம் கழுகுமலைப் பக்கம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. காற்று வெந்நீர் ஆவிபோல் முகத்தில் அடித்தது. பஜாரில் அழகிரிசாமியின் எலக்ட்ரிகல் கடையில் ஒருவர் மின்விசிறிக்கு இறக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அழகிரிசாமி அவளைக் கண்டதும் வாயிலிருந்த கடலைமிட்டாயை அவசரமாக விழுங்கினார்.

"வாங்க செடி டாக்டரம்மா. நோயாளியத் தூக்கிட்டு வந்திருக்காப்ல தெரியுது."

"நோயாளி இல்ல அண்ணாச்சி, பொணம்." டிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நாலு போச்சு. இதவிட நல்லதா இருந்தா குடுங்க."

"இதவிட நல்லது எங்கிட்ட கெடையாது. வேற எங்கயும் கெடைக்குமான்னும் தெரியல." அவர் அலமாரியிலிருந்து இரண்டு டிரைவர்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாருங்க."

முதலாவது பிளாஸ்டிக் கூடு. சோப்பு டப்பாபோல லேசாக இருந்தது.

"இது வெறும் காத்து. அட்டையில நூறு வாட்டும்பான். மீட்டர்ல வச்சா அம்பத்தெட்டு இழுக்கும்."

"தெரியும். ஊதா லைட்டுல பட்டுட்டேன்."

"ரெண்டாவது பரவால்ல. ஆனா மில்லுல மெஷின் ஓட்டுததுக்கு நம்ம ஏரியாவுல கரண்டு ஏறி எறங்கும்லா, அதத் தாங்காது. மூணாவது நீங்க வாங்குனது. அலுமினியக் கூடு. உள்ள பூரா பசை ஊத்தி அடச்சிருக்கான். தண்ணி போகாது, தூசி போகாது, கரண்டு துள்ளுனாலும் தாங்கும். அஞ்சு வருசம் வாரன்டி. நான் வித்ததுல ஒண்ணுகூடத் திரும்பி வரல."

"எனக்கு மட்டும் நாலு போயிருக்கே."

அழகிரிசாமி டிரைவரைத் திருப்பிப் பார்த்தார். வயர் நுழையும் இடத்தில் கறுப்பாக ஏதோ கசிந்து இறுகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மின்விசிறிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"இது கரண்டு அடிச்சுச் சாகலம்மா" என்றார். "வெந்து செத்திருக்கு."

"வெந்தா?"

"இங்கன ஒரு புள்ளி குத்தியிருக்கான் பாருங்க. இந்த எடத்துல சூடு எழுபத்தஞ்சு டிகிரியத் தாண்டப்படாதுன்னு அர்த்தம். டிரைவரும் மனுசன் மாதிரிதான், வேல செஞ்சா வேர்க்கும். காத்து பட்டாத்தான் ஆறும். காத்துல தொங்க விட்டிருக்கீங்களா, இல்ல எதுக்குள்ளயும் வச்சிருக்கீங்களா?"

மாரிசெல்விக்கு மாமனார் கொண்டுவந்த பெட்டி கண்முன் வந்து நின்றது.

அவர்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அதற்கப்புறம் பதினாலு மாதம் லிங்கராஜ் மருமகளிடம் ஒரு சொல் பேசவில்லை. தட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். வெள்ளை விளக்குகள் வந்திறங்கிய மறுநாள், வெல்டிங் பட்டறையிலிருந்து குட்டி யானை வண்டியில் ஓர் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். மூடிக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டை. இறுக்க எட்டு போல்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறையில் நின்று செய்து வாங்கியிருந்தார். "டிரைவர் ஆறையும் இதுக்குள்ள வச்சு முறுக்கிரு தாயி. பொறி வெளிய வரப்படாது" என்றார். அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. தாயி என்றும் சொல்லியிருந்தார்.

காற்று வேண்டாமா என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. டிரைவரோடு வந்த காகிதத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. ஆனால் அந்த முதல் பேச்சுக்கு மறுபேச்சு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே மேற்குச் சுவரில் மாட்டினார்கள். எட்டு போல்ட்டையும் அவரே முறுக்கினார்.

"கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கேன். எங்க மாட்டியிருந்தீங்கன்னு கேப்பாவ. வெளியன்னு எழுதிரட்டா?" என்று, பெட்டி விஷயத்தை அவள் சொன்னதும், அழகிரிசாமி தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. பெட்டிக்குள்ளன்னே எழுதுங்க. காயிதத்துல எழுதுன வரியப் படிச்சுட்டும் நாந்தான் வச்சேன்."

"அப்ப மாத்தித் தர மாட்டாவ."

"தராட்டிப் போறாவ. எனக்கு இதே மாதிரி ரெண்டு குடுங்க. ஒவ்வொண்ணையும் அரைமணி நேரம் இங்கனயே எரியவிடுங்க. நான் மீட்டர் கொண்டாந்திருக்கேன்."

அழகிரிசாமி சிரித்தார். "மாப்ள பாக்க வந்தவியகூட இவ்வளவு சோதிக்க மாட்டாவ."

"மாப்ளைய ஒரு கேள்வியும் கேக்காமக் கட்டிக்கிட்டேன். இதயாவது கேட்டு வாங்குதேன்."

அவள் திரும்பி வந்தபோது மணி மூன்று. நேராக ஆபீஸுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஆபீஸ் ஓடிய காலத்தில் செருப்பு ஆணி உரசித் தீப்பிடிக்கும் என்று லிங்கராஜ் போட்ட சட்டம் அது. வெளியிலிருந்து நோய் வரக்கூடாதென்று அவளும் அதை அப்படியே வைத்துக்கொண்டாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி முதல் போல்ட்டைக் கழற்றும்போது, தகவல் தெரிந்து லிங்கராஜ் வந்துவிட்டார். பின்னாலேயே செண்பகவல்லியும் சோலைராஜும்.

"பெட்டியத் தொடாத."

"மாமா, டிரைவரக் கொன்னது இந்தப் பெட்டிதான்."

செண்பகவல்லி வாயில் கை வைத்தாள். "அவிய ஒருநாள் முழுக்க வெயில்ல நின்னு செஞ்சுட்டு வந்த பெட்டி, ஏட்டி. நாக்கு கூசலையா ஒனக்கு?"

"கூசுது அத்தை. கூசுனதுனாலதான் ரெண்டரை மாசம் சொல்லாம இருந்தேன். நாலு டிரைவர் போச்சு. இனிமேயும் கூசிக்கிட்டு இருந்தா நாத்தும் போயிரும், எடமும் போயிரும்."

"பொறின்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது" என்றார் லிங்கராஜ். "ஒரு ஸ்விட்சுல ஒரே ஒரு பொறி. அம்புட்டுதான். இந்த ஆபீஸுல என்ன நடந்துச்சுன்னு…" யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். இசக்கிச்செல்வி இருக்கும் பக்கம் அவர் எப்போதுமே பார்க்கமாட்டார். ஆபீஸில் தீப்பிடித்த நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, தெருவில் அவள் எதிரே வந்தால் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறவர் அவர்.

"இங்கன மருந்து இல்ல மாமா. மண்ணும் தண்ணியும் செடியுந்தான். பொறி விழுந்தாலும் பிடிக்க எதுவும் இல்ல."

"ஸ்டூல விட்டு எறங்கு."

"எறங்க மாட்டேன்."

சோலைராஜ் நடுவில் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கா மனைவிக்கா என்று முதலில் தெரியவில்லை. பிறகுதான் அவன் அது ஆடாமல் பிடித்திருக்கிறான் என்று தெரிந்தது.

அப்போது தட்டைக் கீழே வைத்துவிட்டு இசக்கிச்செல்வி நடந்து வந்தாள். லிங்கராஜுக்கு நேர் எதிரே நின்று மடங்கிய கையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க."

அவர் பார்க்கவில்லை.

"பாருங்கங்கேன்லா. வெந்தது என் கை. பயப்படணும்னா நாந்தான் பயப்படணும். நான் தெனம் இந்த லைட்டுக்குக் கீழ நிக்கேன். எனக்குப் பயமில்ல. நான் சொல்லுதேன், தொறக்கட்டும். நீங்க என்னப் பாக்காமப் போறதுக்கு இந்தப் பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு, அந்தச் செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

லிங்கராஜ் மெல்லத் தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் வேம்பின் அடியில் நின்றார்.

எட்டாவது போல்ட் கழன்றதும் மூடியைத் திறந்தார்கள். உள்ளிருந்து தார் உருகிய வாசனையோடு ஒரு சூடு முகத்தில் அடித்தது. உயிரோடிருந்த இரண்டு டிரைவரில் ஒன்றின் புள்ளியில் மாரிசெல்வி வெப்பமானியை வைத்தாள். தொண்ணூற்றாறு காட்டியது.

அதை அவள் வாசலுக்கு எடுத்துப் போய் மாமனாரிடம் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்ணைப் படித்தார்.

"எழுபத்தஞ்சு தாண்டப்படாது மாமா."

"ஸ்விட்சு எங்க இருக்கு?" என்று கேட்டார் அவர், சம்பந்தமில்லாமல்.

"வெளிச் செவத்துல. நீங்க வச்ச எடத்துலதான்."

"அப்ப இதையும் அங்கனயே வை. கெழக்குச் செவத்துல. மத்தியானம் நெழல் விழும். உள்ள வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "மேல மட்டும் ஒரு தகரம் வேணும், மழைக்கு. பக்கத்துல அடைக்காத" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும், இரவு ஷிப்ட் முடித்து வந்த சோலைராஜும் அவளும் நாலு டிரைவர்களையும் கிழக்குச் சுவரில் கைப்பிடி இடைவெளி விட்டு மாட்டினார்கள். பழையது இரண்டு, புதியது இரண்டு. நாலு அடுக்கில் விளக்கு எரிந்தது. இன்னும் இரண்டு அடுக்கு இருட்டிலேயே இருந்தது. மாரிசெல்வி தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் கட்டம் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள். சோலைராஜ் அவள் அருகில் குத்தவைத்தான்.

"ஆறு அடுக்கு. நாலு லைட்டு. இதுல என்ன கணக்கு பாக்க?"

"ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தாப் போதும். எப்படி மாத்துததுன்னுதான்…"

"எங்க மில்லுல எப்படி ஓட்டுதான்? மூணு ஷிப்ட். ஆறு மணி, ரெண்டு மணி, பத்து மணி. லைட்ட அணைக்கவே அணைக்காத. ஒவ்வொரு ஷிப்ட்டுலயும் நாலு அடுக்குத் தட்டு வேல பாக்கட்டும், ரெண்டு அடுக்கு தூங்கட்டும். எல்லாத்துக்கும் ரெண்டு ஷிப்ட் வெளிச்சம், ஒரு ஷிப்ட் ஒறக்கம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டாள். "பத்து மணிக்கு யாரு தட்டு மாத்த?"

"நான் நைட்டு ஷிப்ட் போறதுக்கு முன்னால மாத்துதேன். மில்லுக்கு மூணு ஷிப்ட் பாக்குதவன் பொண்டாட்டிக்கு ஒரு ஷிப்ட் பாக்க மாட்டேனா?"

"பாக்கலன்னா ஒறக்கம் கெடையாது, ஆமா."

அன்று முழுவதும் லிங்கராஜ் கிழக்குச் சுவர்ப் பக்கம் நாலு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் நாலு டிரைவர்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். செண்பகவல்லி காலியான இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உளுந்து போட்டு வச்சா எலி போகாது" என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பதி வந்தார். உர வியாபாரி, பருத்த ஆள். கையில் அளவு டேப். வரும்போதே டேப்பை இழுத்து வாசல் அகலத்தை அளந்தார். மாரிசெல்வி வாசல் நடுவில் வந்து நின்றாள்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

"குடோன் பாக்க வந்தவன் செருப்பக் கழத்தணுமாக்கும்?"

"குடோன் இங்கன இல்ல. உள்ள நாத்து இருக்கு. ஒங்க செருப்புல எந்தக் காட்டு மண்ணு ஒட்டியிருக்கோ, என்ன நோயி இருக்கோ."

அவள் தோளுக்குப் பின்னால் நாலு அடுக்கும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. திருப்பதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, கிழக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே லிங்கராஜ் ஒரு டிரைவர்மேல் கையை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? ஒங்க மருமக வாசல மறிக்கா. ஆபீஸ மூடி நாலு வருசம் ஆச்சு, இன்னும் செருப்பு சட்டம் பேசுதா."

லிங்கராஜ் கையை எடுக்கவில்லை. அந்தச் சூடு பொறுக்கிற சூடாகத்தான் இருந்தது போலிருக்கிறது.

"ஆபீஸு ஓடுதப்ப செருப்போட உள்ள வரப்படாது திருப்பதி" என்றார். "ஒனக்குத் தெரியாததா?"

திருப்பதியின் கையிலிருந்த டேப் சடக்கென்று உள்ளே சுருண்டுகொண்டது. நூற்பாலைச் சங்கு ஊதியது. உள்ளேயிருந்து இசக்கிச்செல்வி ஒரு தட்டை அணைத்துத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு மணி ஆயிருச்சு தாயி" என்று குரல் கொடுத்தாள்.

மாரிசெல்வி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஷிப்ட் மாத்தணும் அண்ணாச்சி. வெளிச்சத்த மறைக்காம அங்கிட்டு நில்லுங்க."